பெயரை மாற்றிக்கொண்டவர்: ஜோ ஸ்ட்ரம்மரும் லண்டன் பங்க் இசையும்

'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை ஒருமுறையாவது கேட்காத மாணவர் நம் விடுதியில் இருக்க மாட்டார். எம்.ஐ.ஏ. என்று உலகம் அழைக்கும் மாதங்கி அருள்பிரகாசம், தம் தாயாரின் பெயரால் 'கலா' என்று தலைப்பிட்டு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பில் உள்ள பாடல் அது. மறு ஆண்டு வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படத்திலும் ஒலித்தது. யாழ்ப்பாணத்தில் சிறுபிராயத்தைக் கழித்துப் பின்னர் லண்டனுக்கு அகதியாகச் சென்ற ஒரு தமிழ்ப்பெண்ணின் பாடல் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால், பாடலின் அடியில் சுற்றிச் சுற்றி வரும் அந்தக் கித்தார் ஓசை மட்டும் அவருடையது அன்று என்பதை என் அறைத்தோழர்தான் ஒருநாள் சொன்னார். அது 1982இல் 'தி கிளாஷ்' என்ற லண்டன் இசைக்குழு வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலிலிருந்து எடுத்தாளப்பட்டதாம். வந்தவர்களை வாவென்று சொல்லாத நாடுகளைப் பற்றிய பாடல். அதைப் பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர்.

அந்தப் பெயரைத் தேடப்போய் நான் கண்டெடுத்த மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை. பங்க் ராக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சேவல் கொண்டை முடியும், ஊக்கு குத்திய கிழிந்த சட்டையும், காதைப் பிளக்கும் சத்தமும்தான். என் அம்மாவிடம் கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பார். வாசக நண்பர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்தச் சத்தத்திற்குள் நம்மைப் போன்றவர்களின் கதையும் ஒன்று இருக்கிறது.

ஜோ ஸ்ட்ரம்மர் என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் துருக்கியின் அங்காரா நகரில் அவர் பிறந்தபோது வைத்த பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். தந்தை ரோனல்டு மெல்லர், பிரிட்டன் வெளியுறவுப் பணியில் எழுத்தராக இருந்து படிப்படியாக உயர்ந்தவர். அவர் பிறந்த ஊர் இந்தியாவின் லக்னோ. பாட்டனார் இந்திய ரயில்வேயில் அதிகாரி. தாயார் அன்னா, ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த தாதி. ஆக, பேரரசின் தயவால் உலகெங்கும் சிதறிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. நம் முன்னோரையும் அதே பேரரசுதான் கப்பலேற்றியது. அவர்கள் ஏறியது மேல்தளம், நம்மவர் ஏறியது கீழ்த்தளம்.

அங்காராவுக்குப் பின் கெய்ரோ, மெக்சிகோ நகரம், பான் என்று ஊர் ஊராகச் சென்ற சிறுவனை ஒன்பதாம் வயதில் பெற்றோர் இங்கிலாந்தில் ஒரு தங்கும் பள்ளியில் விட்டார்கள். அண்ணன் டேவிட்டும் உடன் சேர்ந்தார். அதன்பின் பல ஆண்டுகளுக்குப் பெற்றோரைப் பார்ப்பது ஆண்டுக்கு ஓரிரு முறைதான். ஜான் வாயாடி, சண்டைக்குச் சண்டை, கேலிக்குக் கேலி என்று தாக்குப்பிடித்தார். ஒன்றரை வயது மூத்தவரான டேவிட் யாரிடமும் பேசாமல் தமக்குள்ளேயே சுருங்கிப்போனார். பதின்ம வயதின் இறுதியில் அவர் 'நேஷனல் ஃபிரண்ட்' என்ற கட்சியில் சேர்ந்தார். கறுப்பர்களையும் ஆசியர்களையும் பிரிட்டனிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அக்கட்சியின் கொள்கை. 1970 ஜூலையில் டேவிட் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் கண்டெடுக்கப்பட்ட உடலை அடையாளம் காட்டச் சென்றவர் தம்பி ஜான். அப்போது அவருக்கு 18 வயதுகூட நிறைவடையவில்லை.

இதைப் பற்றி அவர் பிற்காலத்தில் மிகக் குறைவாகவே பேசினார். நானும் இங்கே நிறுத்திக்கொண்டு மேலே செல்கிறேன். ஆனால், இந்த அண்ணனை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம்.

அந்த ஆண்டே லண்டனில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த ஜான், அங்கே நிலைக்கவில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் நினைவாகத் தம்மை 'வுடி' என்று அழைக்கச் சொன்னார். சுரங்க ரயில் நிலையங்களில் நண்பர் வயலின் வாசிக்க, இவர் காசு வசூலித்தார். பிறகு ஓர் உகுலேலே வாங்கித் தாமே வாசிக்கத் தொடங்கினார். வேல்ஸில் நியூபோர்ட் நகருக்குப் போய்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலையும் பார்த்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கைக்காரர்போல் கித்தார் பழகியதால் நுணுக்கமான விரல் வேலை அவருக்கு வரவில்லை. ஆறு கம்பிகளையும் ஒன்றாக அடிக்கத்தான் தெரியும். பின்னாளில் 'ஸ்ட்ரம்மர்', அதாவது கம்பிகளை மொத்தமாக வருடி அடிப்பவர், என்று பெயர் வைத்துக்கொண்டது அதனால்தான். தம் குறையையே பெயராக்கிக்கொண்ட இந்தக் குசும்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1974இல் லண்டனுக்குத் திரும்பிய அவர் குடியேறிய இடம் வால்ட்டர்ட்டன் சாலை 101ஆம் எண் வீடு. நம் நாட்டில் புறம்போக்குவாசிகள் என்றால் காலி நிலத்தில் பலகை வீடு கட்டியவர்கள். அன்றைய லண்டனிலோ இடிப்பதற்காகக் காலி செய்யப்பட்ட வீடுகள் தெருத்தெருவாகக் கிடந்தன. இளைஞர்கள் அவற்றில் புகுந்து குடியிருந்தார்கள். வாடகை இல்லை, வேலையற்றோர் உதவித்தொகையில் வயிறு கழுவலாம், மீதிப் பொழுதெல்லாம் இசைக்குத்தான். அந்த வீட்டு எண்ணையே பெயராக வைத்து 'தி 101ர்ஸ்' என்ற குழு உருவாகி, மதுக்கடைகளில் பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களைப் பாடியது. இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கு இப்போது 22 வயது. அப்போது அவருக்கும் 22.

இனி நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. 1976இல் அரசாங்கமே அனைத்துலகப் பண நிதியத்திடம் கையேந்த வேண்டிய நிலை. மேடைகளிலோ ராக் இசைக்கலைஞர்கள் பணக்காரர்களாகி, ஒரே பாடலை 20 நிமிடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வேலையற்ற ஒரு பையனுக்கு அந்த மேடை நிலவைவிடத் தொலைவு. இந்த வேளையில் கிங்ஸ் சாலை 430ஆம் எண்ணில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய ஒரு துணிக்கடையில் சுற்றித் திரிந்த பையன்களைக் கொண்டு 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழு உருவானது. 1975 நவம்பர் 6ஆம் நாள் ஓர் ஓவியக் கல்லூரியில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. நியூயார்க்கில் 'ரமோன்ஸ்' குழு ஏற்கெனவே இரண்டு நிமிடப் பாடல்களை மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. 1976 ஜூலை 4ஆம் நாள் அவர்கள் லண்டனிலும் வாசித்தார்கள். மூன்று சுரம் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்ற துணிச்சல் அந்தக் கோடையில் லண்டன் எங்கும் பரவியது. மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் வேலையை விட்டுவிட்டு, தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஒரு பங்க் இதழையே நடத்தினார். எழுத்துப்பிழை நிறைந்த இதழ். நம் பேரவையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு புரியும்.

ஸ்ட்ரம்மருக்கு அந்த வெளிச்சம் கிடைத்த நாள் 1976 ஏப்ரல் 3. நாஷ்வில் என்ற மதுக்கடையில் அன்று முதன்மைக் குழு இவருடைய 101ர்ஸ். அவர்களுக்கு முன்னால் வாசிக்க வந்தவர்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ். கூட்டம் கைதட்டுகிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கடுகளவும் கவலைப்படாமல் அவர்கள் பாடியதைப் பார்த்ததும், தம் குழுவின் காலம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சில வாரங்களில் பெர்னி ரோட்ஸ் என்பவர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன் என்ற இரு இளைஞர்களுடன் சேர்ந்து பாட வரும்படி அழைத்தார். யோசிக்க 48 மணி நேரம் கொடுத்துவிட்டு, பாதி நேரத்திலேயே பதில் கேட்டாராம். ஸ்ட்ரம்மர் சம்மதித்தார். உதவித்தொகை வாங்கும் வரிசையில் தம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருவரும் அடித்துப் பிடுங்க வந்தவர்கள் என்று முன்பொரு நாள் பயந்திருந்தார் என்பது வேறு கதை. செய்தித்தாள் தலைப்புகளில் அடிக்கடி கண்ணில் பட்ட 'கிளாஷ்', அதாவது மோதல், என்ற சொல்லைச் சிமனன் குழுவுக்குப் பெயராக்கினார். ரமோன்ஸ் லண்டனில் வாசித்த அதே ஜூலை 4ஆம் நாள், ஷெஃபீல்டு நகரில் அவர்களின் முதல் நிகழ்ச்சி அரங்கேறியது.

இங்கேதான் எனக்கு இவர்மேல் கோபம் வந்தது. புதிய குழுவில் சேர்ந்ததும் அவர் முடியை வெட்டினார். பழைய நண்பர்களை ஒதுக்கினார். வுடி என்று அழைத்தால் திரும்பிப் பார்க்க மறுத்தார். பேச்சில் தொழிலாளர் தெருவின் உச்சரிப்பு ஏறியது. தந்தை வெளியுறவு அதிகாரி என்பதையும், தங்கிப் படித்த பள்ளியையும் பற்றி வாய் திறக்கவில்லை. இசைப் பத்திரிகைகள் கண்டுபிடித்துக் கேலி செய்தபோது தடுமாறினார். உண்மையைப் பாடுகிறேன் என்று மேடையேறியவர் செய்யக்கூடிய காரியமா இது?

கோபம் தணிந்தது என் கதை நினைவுக்கு வந்தபோது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டுப் புகுமுக வகுப்புக்குச் சென்ற முதல் வாரம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பக்கத்து நாற்காலி மாணவன் கேட்டான். அலுவலகத்தில் என்றேன். அப்பா செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவர். படிவம் ஐந்து வரைக்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். பள்ளி வாசலுக்கு அப்பா லோரியில் வந்த ஒருநாள், பார்க்காததுபோல் நடந்து பேருந்து நிறுத்தத்திற்குப் போயிருக்கிறேன். ஸ்ட்ரம்மர் மறைத்தது மேலே இருந்த தந்தையை, நான் மறைத்தது கீழே இருப்பதாக நான் நினைத்த தந்தையை. அவரைத் தீர்ப்பளிக்க எனக்குத் தகுதி இல்லை.

1976 ஆகஸ்டு 30ஆம் நாள் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவு மக்களின் திருவிழா நடந்தது. ஆயிரக்கணக்கில் காவலர்கள் குவிக்கப்பட்டிருந்தனர். கறுப்பின இளைஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் வெடித்தபோது ஸ்ட்ரம்மரும் சிமனனும் கூட்டத்தின் நடுவில் இருந்தார்கள். அநீதியைக் கண்டு அவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், வெள்ளைக்கார இளைஞர்கள் ஏன் வாய் மூடிக் கிடக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1977 மார்ச்சில் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டு, 'வைட் ரயட்'. தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதை இனவெறிப் பாடல் என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். வெறியர்கள் சிலரும் அப்படியே எண்ணிக் கொண்டாடினார்கள். பாட்டெழுதுபவருக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

லண்டன் பங்க் இசைக்குள் கறுப்பர்களின் இசை கலந்ததற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. 1977 புத்தாண்டு நாளில் கிளாஷ் வாசித்துத் திறந்துவைத்த 'ராக்ஸி' என்ற சிறிய விடுதி பங்க் இளைஞர்களின் முதல் சொந்தக் கூடாரம். அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் டான் லெட்ஸ், ஜமைக்கா நாட்டுப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். ஒரு குழு இறங்கி மறுகுழு ஏறும்வரை பங்க் பாடல் போட வேண்டும். ஆனால், அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பங்க் இசைத்தட்டுகளே வெளிவந்திருந்தன! எனவே, தம் வீட்டிலிருந்த ரெகே இசைத்தட்டுகளைப் போட்டார். தட்டுப்பாட்டில் தொடங்கியது பழக்கமாகி, பழக்கம் நட்பானது. 1977 ஏப்ரலில் வந்த கிளாஷின் முதல் தொகுப்பிலேயே ஜமைக்காப் பாடகர் ஜூனியர் மர்வினின் ரெகே பாடல் ஒன்று ஆறு நிமிடத்துக்கு இடம்பெற்றது.

அன்றைய லண்டனில் இது வெறும் இசை விருப்பம் அன்று. 1976 ஜூன் மாதம் சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் புகழ்பெற்ற கித்தார் கலைஞர் எரிக் கிளாப்டன், பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதைக் கண்டித்துப் பிறந்த இயக்கமே 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்'. 1977 மே மாதம் நடந்த லண்டன் மாநகர மன்றத் தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் கட்சி ஏறத்தாழ 119,000 வாக்குகள் பெற்றது. டேவிட் மெல்லர் சேர்ந்திருந்த அதே கட்சி.

1978 ஏப்ரல் 30ஆம் நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் திரண்ட மக்கள், கிழக்கு லண்டன் வழியாக விக்டோரியா பூங்காவரை நடந்தார்கள். பூங்காவில் கூடியவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்கிறார்கள். அங்கே வாசித்த குழுக்களில் கிளாஷும் ஒன்று. ஸ்ட்ரம்மர் அன்று அணிந்திருந்தது இத்தாலியத் தீவிரவாதக் குழுவொன்றின் பெயர் பொறித்த சட்டை. அக்குழு ஒரு முன்னாள் பிரதமரைக் கடத்தி வைத்திருந்த நேரம் அது. முட்டாள்தனம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால், அண்ணனை இழந்து எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த அண்ணன் நம்பிய கொள்கைக்கு எதிராக 80,000 பேர் முன்னால் தொண்டை கிழியப் பாடிய தம்பியையும் அதே மேடையில்தான் பார்க்கிறேன். அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியது என்று யாரால் சொல்ல முடியும்?

ஓர் இசை நிகழ்ச்சி எல்லாவற்றையும் மாற்றிவிடாது. நான்கு நாள் கழித்து, மே 4ஆம் நாள், வைட்சாப்பலில் வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி கொல்லப்பட்டார். 1979இல் சவுத்தாலில் நேஷனல் ஃபிரண்ட் கூட்டத்தை எதிர்த்தவர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களின் வழக்குச் செலவுக்காக ஜூலையில் நடந்த நிகழ்ச்சியிலும் கிளாஷ் வாசித்தது. அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் படுதோல்வியடைந்தது. அதற்கு வேறு அரசியல் காரணங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதமும் தனிக்கதை. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துடன் 100,000 பவுன் ஒப்பந்தம் செய்தபோது, பங்க் அன்றே செத்துவிட்டது என்று ரசிகர்கள் சிலர் புலம்பினார்கள். ஆனால், 1979 டிசம்பரில் 'லண்டன் காலிங்' வெளியானபோது இரண்டு இசைத்தட்டுகளை ஒன்றின் விலைக்கு விற்க வைத்தார்கள். இலவசமாக ஒரு சிறிய தட்டு மட்டும் சேர்க்கிறோம் என்று அனுமதி வாங்கி, அதில் ஒரு முழு தொகுப்பையே நிரப்பிக் கொடுத்தார்களாம்! மறு ஆண்டு 'சாண்டினிஸ்டா' மூன்று தட்டுகள். விலையைக் குறைக்க, பிரிட்டனில் விற்கும் முதல் 200,000 படிகளுக்கு உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். 1981இல் நியூயார்க்கில் எட்டு நாள் நிகழ்ச்சிக்கு அமைப்பாளர்கள் அளவுக்கு மீறி நுழைவுச்சீட்டு விற்றுவிட, வாங்கியவர் எவரும் ஏமாறக்கூடாது என்று 17 நிகழ்ச்சிகள் வாசித்தார்கள்.

பிறகு சரிவு. 1982இல் தாளக்கலைஞர் டாப்பர் ஹெடன் போதைப் பழக்கத்தால் நீக்கப்பட்டார். 1983இல் மிக் ஜோன்ஸையே ஸ்ட்ரம்மரும் சிமனனும் வெளியேற்றினார்கள். பாடல்களுக்கு மெட்டுப் போட்டவர் அவர். அவரில்லாமல் வந்த கடைசித் தொகுப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. 1984இல் தந்தை இறந்தார். தாம் செய்தது தவறு என்று உணர்ந்த ஸ்ட்ரம்மர், 1985இல் ஜோன்ஸைத் தேடிப் பஹாமாஸ் தீவுக்கே சென்றார். ஜோன்ஸ் கோபப்படவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. அவருக்கு வேறு குழு அமைந்துவிட்டது. குழு கலைந்தபின் ஸ்ட்ரம்மர் சில படங்களில் நடித்தார், சிலவற்றுக்கு இசையமைத்தார். 1989இல் வந்த தனித்தொகுப்பு எடுபடவில்லை. அடுத்த தொகுப்புக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

1999இல் 'மெஸ்கலேரோஸ்' என்ற புதிய குழுவுடன் அவர் திரும்பி வந்தார். 2001இல் வந்த 'குளோபல் எ கோ-கோ' தொகுப்பில் 'பிந்தி பாஜி' என்று ஒரு பாடல் உண்டு. பிந்தி என்றால் வேறொன்றுமில்லை, நம் வெண்டைக்காய்தான். லண்டனுக்குப் புதிதாக வந்த ஒருவர் தெருவில் நின்று ஓர் ஆங்கிலேயப் பட்டாணி உணவு எங்கே கிடைக்கும் என்று கேட்க, இவர் அது இங்கே கிடைக்காதே என்று தயங்கி, அந்தத் தெருவில் கிடைக்கும் ஊர் ஊரான பலகாரங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். அதில் கோபம் இல்லை, கோஷம் இல்லை. பசியோடு கேட்கக்கூடாத பாடல் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

2002 நவம்பர் 15ஆம் நாள், வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த தீயணைப்பு வீரர்களின் சங்கத்துக்கு நிதி திரட்ட மேற்கு லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில் அவர் வாசித்தார். பார்க்க வந்திருந்தவர்களில் மிக் ஜோன்ஸும் ஒருவர். நிகழ்ச்சியின் முடிவில் யாரும் அழைக்காமலேயே ஜோன்ஸ் கித்தாரை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஒரே மேடையில் நின்று பழைய பாடல்களை வாசித்தார்கள். அவற்றில் நாட்டிங் ஹில் தெருவில் பிறந்த அந்த முதல் பாடலும் ஒன்று.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22ஆம் நாள், சோமர்செட்டில் உள்ள தம் வீட்டில் ஜோ ஸ்ட்ரம்மர் திடீரென இறந்தார். வயது 50. பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது. யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த இதயத்தோடுதான் அவர் 1983இல் லண்டன் மாரத்தானில் ஓடினார்.